அம்மாயியின் ஸ்படிக மாலையும் ஒரு நீர்க்குமிழியும்

செமஸ்டர் முடிந்து ரெண்டு வாரம் ஆச்சு. எழுதுறேன் எழுதுறேன்னு சொல்லி ஏமாத்திட்டிருந்த விஷயத்தை இன்னைக்கு எழுதிடறேன். ஜியாலஜி படிக்கிற பையன் கல்லைப் பத்தி எழுதினா மொக்கையாத்தான் இருக்கும்னு ஓடிடாதீங்க. இது நான் வாங்கின பல்பு பற்றிய கதை. கூடவே ஸ்படிகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படிப் பத்திரமா வெச்சுக்கறதுன்னும் வரும்.

எங்க அம்மாயிக்கு (அம்மாவோட அம்மா. எங்க கொங்கு பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஊர் காங்கேயம் பக்கம். 1987-ல் அப்புச்சியும் அவங்களும் ராமேஸ்வரம் போயிருக்காங்க. அங்கே விடியற்காலையில் ஸ்படிக லிங்க தரிசனம் உண்டு. நேரா பார்த்தா பின்னாடி இருக்கிறதெல்லாம் தெரியற அளவுக்குத் தெளிவான லிங்கம். அதைப் பார்த்துட்டு வெளியே வந்த அப்புச்சி, ஒரு கடையில் ஒரு மணி நேரம் பேரம் பேசி, அம்பத்துநாலு மணி கோத்த ஒரு ஸ்படிக மாலை வாங்கியிருக்கார். கையில் இருந்த காசு தீர்ந்து போய், திரும்பி வர்ற வழியெல்லாம் ஒரு வேளைச் சாப்பாடுதான். அம்மாயி இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாங்கன்னு கணக்கே இல்லை. அப்புச்சி போய் ஒன்பது வருஷம் ஆச்சு. அந்த மாலை மட்டும் அம்மாயி கழுத்தை விட்டு இறங்கினதே இல்லை. காலையில் குளிச்சதும் ரெண்டு சுற்று எண்ணுவாங்க. அம்பத்துநாலு ரெண்டு நூற்றெட்டு.

போன வருஷம் மே மாசம் லீவுக்குப் போயிருந்தேன். அப்பத்தான் புதுசா பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கியிருந்தேன். புது லென்ஸ் வாங்கினவன் கையும் புது பைக் வாங்கினவன் காலும் சும்மா இருக்காது. "அம்மாயி, அந்த மாலையைக் கொஞ்சம் குடுங்க"ன்னேன்.

கூகுளாண்டவர் ஏற்கெனவே எனக்கு மூணு வரம் கொடுத்திருந்தார். ஒண்ணு, நிஜ ஸ்படிகம் தொட்டால் ஜில்லுன்னு இருக்கும். ரெண்டு, நிஜக் கல்லில் மாசு இருக்கும். சுத்தமா இருந்தா கண்ணாடி. மூணு, உள்ளே குமிழி இருந்தா கண்டிப்பா கண்ணாடி. மத்தியானம் ரெண்டு மணி, மே மாச வெயில், கழுத்திலிருந்து கழற்றின மாலை. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுன்னு இருந்தது. முக்கால்வாசி மணிகள் தண்ணி மாதிரித் தெளிவு. லென்ஸ் வெச்சுத் தேடினா, ஒரு மணிக்குள்ளே பொட்டு மாதிரி ஒரு குமிழி!

வீட்டில் எல்லாரும் இருந்தாங்க. நான் சத்தமாவே சொன்னேன். "அம்மாயி, இது கண்ணாடி. அப்புச்சியை நல்லா ஏமாத்தியிருக்கானுக."

மாமா சிரிச்சார். "ஒரு மணி நேரம் பேரம் பேசுனாராமா, கண்ணாடிக்கு!" அத்தையும் சிரிச்சாங்க. நானும்தான். அப்புச்சி ஊரில் மாட்டுச் சந்தைக்குப் போனா அவர் கூட நாலு பேர் போவாங்களாம், அவர் பார்த்துச் சொன்னா சரியா இருக்கும்னு. அந்த மனுஷன் செத்து ஒன்பது வருஷம் கழிச்சு ஒரே நிமிஷத்தில் ஏமாளி ஆயிட்டார்.

அம்மாயி சிரிக்கலை. மாலையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "போச்சாது உடு கண்ணு"ன்னாங்க. அப்புறம் அதைக் கழுத்தில் போடலை, சாமி அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிட்டாங்க. எனக்கு அப்போ அது பெருசாத் தோணலை.

ஆடிப் பதினெட்டுக்கு மறுபடி போனப்போ மாமா பையன் (மூணு வயசு) வாசலில் அந்த மணிகளை வெச்சு கோலி விளையாடிட்டிருந்தான். கண்ணாடின்னு ஆனதும் அதைக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்துட்டாங்க. அவன் ஒரே நாளில் நூலை அறுத்துட்டான். நானும் குனிஞ்சு ஒரு மணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கிட்டு காலேஜ் வந்துட்டேன். சும்மாதான்.

அடுத்த வாரம் மினராலஜி லேப். பையில் கை விட்டா மணி. "சார், கண்ணாடி எப்படித் தெரியும்னு பார்க்கலாமா?"ன்னு எங்க சாரிடம் கொடுத்தேன். ரெண்டு போலராய்டு தாள். ஒண்ணுக்கு மேல் ஒண்ணு வெச்சு ஒன்றைத் திருப்பினால் வெளிச்சம் முழுசா அணைஞ்சு இருட்டாகும். நடுவில் கண்ணாடியை வெச்சால் இருட்டு இருட்டாவே இருக்கணும். சார் மணியைத் தண்ணிக்குள்ளே போட்டு நடுவில் பிடிச்சுத் திருப்பினார். மணி பளிச்சுன்னு விழிச்சது. இன்னும் கொஞ்சம் திருப்பினதும் வானவில் கலரில் வட்டம் வட்டமா, நடுவில் காளைக் கண் மாதிரி ஒரு கலர்ப் புள்ளி. ஸ்படிகத்தின் உள்ளமைப்பு ஒளியைத் திருகிவிடும். அதனால் மற்ற கல்லில் நடுவரைக்கும் ஓடுகிற கறுப்புச் சிலுவை இதில் நடுவில் காணாமப் போயிடும். "இது கைரேகை மாதிரிடா. குவார்ட்ஸ்"ன்னார் சார்.

"சார், உள்ளே குமிழி இருக்கே?"

மைக்ராஸ்கோப்பில் வெச்சுக் காட்டினார். குமிழிதான். ஆனா அது கல்லில் இல்லை, கல்லுக்குள்ளே மாட்டியிருந்த ஒரு சொட்டுத் தண்ணியில் இருந்தது. மணியைச் சாய்ச்சா அது மெல்ல நகர்ந்தது. பூமிக்கடியில் சூடான நீரிலிருந்து ஸ்படிகம் வளரும்போது, வளர்ந்த இடத்துத் தண்ணியை அங்கங்கே உள்ளே பூட்டி வெச்சுக்கும். அப்புறம் ஆறும்போது தண்ணி சுருங்கும், மிச்ச இடத்தில் குமிழி. கண்ணாடியில் வர்ற குமிழி வேற: தண்ணி இல்லாம வெறும் காற்று, உருண்டையா, தனித்தனியா இருக்கும். நான் எதைக் காட்டிக் கண்ணாடின்னு தீர்ப்பு சொன்னேனோ, அதுதான் அந்தக் கல் பூமிக்குள்ளே பிறந்ததுக்கு அத்தாட்சி.

எத்தனையோ கோடி வருஷமா உள்ளே இருந்த தண்ணி. அதை நான் மே மாசம் ஒரு மத்தியானத்தில் கெடுத்தேன்.

அம்மாவுக்குப் போன் பண்ணி "வாசலைக் கூட்டாதீங்கன்னு சொல்லுங்க"ன்னேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஊர்.

தேடறதுக்கு முன்னாடி அந்த மண்ணைப் பத்திச் சொல்லணும். எங்க ஊர்க் காட்டில் எங்கே பார்த்தாலும் வெங்கச்சங்கல் கிடக்கும். வெள்ளையா, பால் மாதிரி. ஏர் ஓட்டினா கிளம்பும், பொறுக்கி வரப்பில் போடுவாங்க. சின்ன வயசில் ராத்திரி போர்வைக்குள்ளே ரெண்டு வெங்கச்சங்கல்லை உரசி வெளிச்சம் வர வெப்போம், தீய்ஞ்ச வாசனை ஒண்ணும் வரும். அந்த வெங்கச்சங்கல்லும் குவார்ட்ஸ்தான். சிலிக்கனும் ஆக்சிஜனும், வேற ஒண்ணுமில்லை. உள்ளே கோடிக்கணக்கில் நுண்ணிய நீர்த்துளிகள் இருந்தா வெள்ளையாத் தெரியும். அவை இல்லாம நிதானமா வளர்ந்தா ஸ்படிகம். துளி இரும்பு கலந்து, பக்கத்துப் பாறையின் கதிர்வீச்சும் பட்டா ஊதா நிறச் செவ்வந்திக்கல். அந்தச் செவ்வந்திக்கல்லை நானூறு, ஐந்நூறு டிகிரிக்குச் சுட்டா மஞ்சள். சந்தையில் சிட்ரின்னு விக்கிறதில் பெரும்பகுதி இப்படிச் சுட்டதுதான். (புஷ்பராகம் வாங்க முடியாதவங்களுக்கு ராசிக்கல் கடையில் எடுத்துக் கொடுக்கிற மஞ்சள் கல் பல சமயம் இதுதான். நவரத்தினப் பட்டியலில் குவார்ட்ஸ் குடும்பத்துக்கு ஒரு சீட் கூட கிடையாது, பாவம், இப்படிப் பதிலி வேலைதான்.)

எங்க ஊருக்குக் கிட்டத்தான் கொடுமணல். நொய்யல் கரை, சென்னிமலைக்கு மேற்கே. பதிற்றுப்பத்தில் கொடுமணம்னு வர்ற ஊர். 1985-ல் தொடங்கின அகழாய்வுகளில் ஸ்படிகம், செவ்வந்திக்கல், பச்சைக்கல், சூதுபவளம்னு விதவிதமான மணிகள் கிடைச்சிருக்கு. பாதி தீட்டினது, துளை போடாதது, துளை போடும்போது உடைஞ்சதுன்னு எல்லா நிலையிலும் இருக்கு. அதாவது அங்கேயே பட்டறை. எஃகுக் கத்தியால் கூடக் கீற முடியாத கல்லில் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி துளை போட்டிருக்காங்க. ஸ்படிகத்தின் கடினம் மோஸ் அளவில் 7, சாதாரணக் கண்ணாடி ஐந்தரை.

அந்தத் துளைக்கு ஒரு விலையும் உண்டு. குவார்ட்ஸை அறுக்கும்போதும் தீட்டும்போதும் வர்ற தூசி நுரையீரலில் போய்த் தங்கினா சிலிக்கோசிஸ். குணமாக்க மருந்து கிடையாது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் தீட்டுறவங்ககிட்ட இந்த நோய் இருக்கிறது பல ஆண்டுகளா ஆராய்ச்சிகளில் பதிவாகியிருக்கு. அகேட்டும் குவார்ட்ஸ் வகைதான். தண்ணி விட்டுத் தீட்டறதும் தூசியை உறிஞ்சற இயந்திரமும் இருந்தா பெருமளவு தடுக்கலாம். வாங்கும்போது நாம மணிக்கு எவ்வளவுன்னு பேரம் பேசறோம், எங்கே எப்படித் தீட்டினாங்கன்னு கேக்கறதில்லை. நானும் கேட்டதில்லை.

சரி, வாசலுக்கு வருவோம். பகல் முழுக்கத் தேடினதில் முப்பத்தொன்று கிடைச்சது. ராத்திரி டார்ச் அடிச்சுத் தரையோட தரையாப் பார்த்தா மணி மின்னும்னு ஒரு ஐடியா பண்ணினேன். டார்ச் அடிச்சதும் வாசலே மின்னிச்சு! பூராவும் வெங்கச்சங்கல் பொடி. ஒவ்வொரு மின்னலையும் குனிஞ்சு தொட்டுப் பார்க்கணும். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துட்டிருந்த அம்மாயி கேட்டாங்க, "என்ன கண்ணு தேடறே?"

சொன்னேன். எல்லாத்தையும். அது கண்ணாடி இல்லை, நான் சொன்னது தப்பு, லேப்பில் பார்த்தாச்சுன்னு.

"அன்னைக்கும் பாத்துட்டுத்தானே சாமி சொன்னே?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே எழுந்து வந்து என் பக்கத்தில் குந்தி மண்ணைத் தடவ ஆரம்பிச்சாங்க. வெங்கச்சங்கல்லும் ஸ்படிகமும் ஒரே பொருள்தான்னு என் பங்குக்கு ஒரு லெக்சர் கொடுத்தேன். "காட்டுல கெடக்கறதுக்கும் கழுத்துல கெடக்கறதுக்கும் ஒரே பேரா? நல்ல படிப்பு போ"ன்னாங்க. சுவர்க் கடிகாரத்தில் கூட குவார்ட்ஸ்னுதான் எழுதியிருக்கு, உள்ளே ஒரு துணுக்கு ஸ்படிகம் கரண்டில் நொடிக்கு 32,768 தடவை அதிருது, அதைப் பாதி பாதியா பதினஞ்சு தடவை குறைச்சா நொடிக்கு ஒண்ணு, அதுதான் டிக்குன்னேன். அழுத்தினால் இந்த வகைப் படிகங்களில் மின்சாரம் பிறக்கும்னு 1880-லயே க்யூரி சகோதரர்கள் கண்டுபிடிச்சதையும் சொன்னேன். "அது பத்து நிமிசம் லேட்டு"ன்னாங்க. (லேட்தான். பேட்டரி மாத்தணும்.)

மறுநாளும் தேடினேன். ஆட்டுப் பட்டியில் நாலு, துவைக்கிற கல்லுக்கடியில் மூணு. நான் காலேஜ் எடுத்துட்டுப் போனதையும் சேர்த்து நாற்பத்தேழு. அதுக்கு மேல் கிடைக்கலை.

ஒரு மணி ஸ்படிகம்னா எல்லாமே ஸ்படிகமா? இந்தத் தடவை வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி சோதிச்சேன். நகை எடை போடற சின்னத் தராசு ஒண்ணு வாங்கி, நாற்பத்தேழையும் மெல்லிய நூலில் கோத்து எடை போட்டேன்: 32.6 கிராம். அப்புறம் தண்ணிக்குள்ளே தொங்கவிட்டு எடை பார்த்தா 12.3 கிராம் குறைஞ்சது. வகுத்தா 2.65. ஸ்படிகத்தின் ஒப்படர்த்தி அதேதான். சாதாரணக் கண்ணாடின்னா ரெண்டரைக்கு வரும், ஈயம் கலந்த கண்ணாடின்னா மூணுக்கு மேல் போகும். (துளைக்குள்ளே காற்று மாட்டாம நல்லா உதறி நனைக்கணும், இல்லைன்னா கணக்கு கெடும்.) ரெண்டு வகைக் கண்ணாடியும் கலந்து சராசரி இப்படி வந்திருக்கலாமேன்னு ஒரு சந்தேகம் வந்தது. அதனால் ஒவ்வொண்ணையும் லேப்டாப் முன்னாடியும் பார்த்தேன். இதை நீங்களும் வீட்டில் பண்ணலாம். எல்சிடி திரையிலிருந்து வர்ற வெளிச்சமே போலராய்டு ஆனதுதான். திரையை வெள்ளையா வெச்சு, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாப் பார்த்துக்கிட்டே தலையைச் சாய்ச்சா ஒரு கோணத்தில் திரை கறுப்பாகும். அப்போ தண்ணி டம்ளருக்குள் மணியைப் போட்டு நடுவில் பிடிச்சுத் திருப்பிப் பாருங்க. ஸ்படிகம்னா ஒளிரும், கலர் காட்டும். நல்லா ஆற வெச்ச கண்ணாடி இருட்டாவே இருக்கும். அவசரமா ஆறின கண்ணாடி லேசா மங்கல் வெளிச்சம் காட்டலாம், அதில் ஏமாறாதீங்க. நாற்பத்தேழும் ஒளிர்ந்தது.

ஜில்லுன்னு இருக்கற சோதனையிலும் உண்மை இருக்கு. ஸ்படிகம் கண்ணாடியை விடப் பல மடங்கு வேகமா வெப்பத்தைக் கடத்தும், அதான் ஜில். ஆனா கழுத்தில் கிடந்து சூடான மணியை மே மாச மத்தியானத்தில் தொட்டுப் பார்க்கிறவனுக்கு எதுவும் தெரியாது. தெளிவா இருந்தா கண்ணாடிங்கறது சுத்தப் பொய். ராமேஸ்வரம் லிங்கத்தைப் பார்த்தவங்க அப்படிச் சொல்லவே மாட்டாங்க. கண்ணாடியைக் கீறிப் பார்க்கற சோதனை சரியானதுதான், ஆனா மெருகு போட்ட மணியில் அதைப் பண்ணாதீங்க. ஒரு விஷயம் மட்டும் இந்தச் சோதனைகளில் தெரியாது: பூமியில் வளர்ந்ததா, தொழிற்சாலையில் வளர்த்ததா. கடிகாரத்துக்கும் செல்போனுக்கும் ஸ்படிகத்தை இப்போ அழுத்தக் கலன்களில் வெந்நீர்க் கரைசலில் வளர்க்கிறாங்க, அதுவும் நூற்றுக்கு நூறு குவார்ட்ஸ்தான். அதைப் பிரிக்க நல்ல லேப் வேணும். எங்க மாலையில் அந்தக் குமிழி மணியைப் பத்தி எனக்குச் சந்தேகமில்லை.

மணிகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில் ஊற வெச்சு, பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தேய்ச்சேன். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேலான விபூதி, சந்தனம், எண்ணெய்ப் பிசுக்கு. கொதிக்கிற தண்ணி வேண்டாம். உள்ளே தண்ணி பூட்டின கல், சட்டுன்னு சூடு பட்டா விரிசல் விடும். சக்தி ஏத்தறேன்னு உப்புத் தண்ணியில் போடறதாலும் கல்லுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, நூலும் வெள்ளிக் கம்பியும்தான் கெடும். வெள்ளை ஸ்படிகத்தை வெயிலில் வெச்சா ஒண்ணும் ஆகாது. செவ்வந்திக்கல்லை வெச்சா நாளாக நாளாக வெளுக்கும், ஜன்னலோரம் வைக்காதீங்க. தூசியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்காதீங்க. தெருத் தூசியிலேயே குவார்ட்ஸ் இருக்கு. அதைவிட மென்மையான கல்லோட மெருகை அது கீறிடும், ஸ்படிகமும் சும்மா தப்பிக்காது. அப்புறம் வைரம், மாணிக்கம், நீலம் இருக்கற டப்பாவில் ஸ்படிகத்தைப் போட்டா அவை இதைக் கீறும். எங்க வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை :-)

மணிகளுக்கு நடுவே முடிச்சுப் போட்டுக் கோத்தேன். துளையின் ஓரம் கூரா இருக்கும், நூலை அறுக்கிறதே அதுதான். முடிச்சு இருந்தா அறுந்தாலும் ஒண்ணுதான் விழும்.

மாமா, அத்தை எல்லாரும் இருக்கும்போது தராசையும் தண்ணி டம்ளரையும் வெச்சு மறுபடி செஞ்சு காட்டினேன். அப்புச்சி ஏமாறலைன்னு சொன்னேன். மாமா கால்குலேட்டரை வாங்கி அவரே வகுத்துப் பார்த்தார். 2.65 வந்ததும் ஒண்ணும் பேசலை. சாமி அலமாரிக்கு மேலே மாட்டியிருந்த அப்புச்சி போட்டோவைத் துண்டால் துடைச்சுட்டு வெளியே போயிட்டார்.

அம்மாயிக்கு லென்ஸில் குமிழியைக் காட்டினேன். கண் ஆபரேஷன் ஆனவங்க. "தெரியலையே கண்ணு"ன்னாங்க. தெரியாமலே கழுத்தில் போட்டுக்கிட்டாங்க.

குறைஞ்ச ஏழுக்குப் புது மணி வாங்கித் தர்றேன்னேன். வேண்டாமாம். "மண்ணுலதானே கெடக்குது, மழ பேஞ்சா மேல வரும்." அதுவரைக்கும் ரெண்டு சுற்று எண்ணி, மிச்சம் பதினாலை விரல் விட்டு எண்ணிக்கிட்டாங்க. இருக்கறது பத்து விரல், ஆக நாலு விரலை ரெண்டு தடவை மடக்கணும். சில நாள் கணக்குத் தப்பிப் போய் முதலிலிருந்து ஆரம்பிப்பாங்கன்னு அம்மா சொன்னாங்க.

ஐப்பசியில் நாலு நாள் நல்ல மழை. வாசல் மண் கரைஞ்சு, ஒண்ணு சாக்கடை ஓரத்தில், ஒண்ணு முருங்கை மரத்தடியில். மாமா பையன்தான் எடுத்துக் கொடுத்திருக்கான். அன்னைக்குச் சாயங்காலமே அம்மாயி போன் பண்ணினாங்க.

"கண்ணு, நாப்பத்தொம்பது ஆச்சு. ரெண்டு சுத்துக்குத் தொண்ணூத்தெட்டு. மிச்சம் பத்து, வெரலு இருக்குது. இனித் தேட வேண்டாம், நீ பரிச்சைக்குப் படி."